பக்கிரிசாமி வாயைப் பூட்டிய நாற்பத்தெட்டு நாள்

கிள்ளான் துறைமுகத்தை அடுத்த பண்டமாரானில் பக்கிரிசாமியைத் தெரியாது என்று ஒருவன் சொன்னால், அவன் நேற்றுத்தான் அங்கே குடிவந்திருக்க வேண்டும். ஆறாம் வகுப்போடு தமிழ்ப்பள்ளிக்குக் கும்பிடு போட்டவர் அவர். பதினாறு வயதில் துறைமுகத்துக்கு மூட்டை தூக்க வந்தார். கைப்பிடித்துக் கூட்டிக்கொண்டு போக மாமன் இல்லை, மச்சான் இல்லை, சிபாரிசுக் கடிதம் இல்லை. மூட்டை தூக்கினார், கொண்டெய்னருக்குச் சங்கிலி கட்டினார், பிறகு சுமை தூக்கும் போர்க்லிப்ட் வண்டி ஓட்டினார். இன்றைக்கு ஐம்பத்தேழு வயதில், ஒரு ஜப்பான்காரக் கம்பெனியின் கிடங்கில் பதினான்கு ஓட்டுநர்களுக்கு அவர்தான் லீடர்.

ஜப்பான் மொழியும் அவர் காசு கொடுத்துக் கற்றதல்ல. பத்தொன்பது வருடத்தில் நான்கு மேனேஜர்கள் வந்து போனார்கள். அவர்கள் வாயிலிருந்து விழுந்ததைக் காதாலேயே பொறுக்கி எடுத்தார். பட்டம் வாங்கியவர்கள் தலையைச் சொறிந்துகொண்டு நின்ற இடத்தில் பக்கிரிசாமி ஜப்பான்காரனோடு நின்று சிரித்துப் பேசுவார். அதைப் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள், கேட்டுக்கொள்ளலாம்.

ஐந்தாவதாக மொரித்தா என்ற மேனேஜர் வந்தார். நல்ல மனிதர், ஆனால் காகிதம் பார்க்கிற மனிதர். ஒருநாள் பக்கிரிசாமியை ஆபீசுக்குக் கூப்பிட்டு உட்காரவைத்தார். "அடுத்த வருடம் ஏப்ரலில் இருந்து லீடராக இருப்பவர் ஜப்பானிய மொழித் திறன் தேர்வில் நான்காம் நிலை வைத்திருக்க வேண்டும். தலைமை அலுவலகத்தின் உத்தரவு. ஜூலையில் ஒரு தேர்வு, டிசம்பரில் ஒரு தேர்வு. உங்களுக்கு இரண்டு வாய்ப்பு இருக்கிறது" என்றார். தேறாவிட்டால் பக்கிரிசாமி மறுபடியும் வண்டி ஓட்டப் போகவேண்டியதுதான். வேறு ஒருவர் லீடர்.

பக்கிரிசாமி எழுந்து நின்று, "இரண்டு எதற்கு? ஒன்று போதும்" என்று ஜப்பான் மொழியிலேயே சொல்லிவிட்டு வந்தார்.

வெளியே அவருடைய பழைய கூட்டாளி சிவநேசன் வண்டிக்கு கேஸ் மாற்றிக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"அண்ணே, ஆறாப்புல கணக்கு வாத்தியார் வர்றாருன்னு சுவர் ஏறிக் குதிச்சவரு நீங்க. இப்ப பரீட்சையா?"

"குதிச்சேன் லா. குதிச்சவன்தான் உனக்கு லீடர். நீ படி ஏறிப் போயி என்னா கிழிச்ச?"

"நான் கிழிக்கல, ஒத்துக்குறேன். நீங்க கிழிங்க, பாப்போம்."

ஜப்பான் எழுத்து மட்டும் பக்கிரிசாமிக்குத் தெரியாது. அதற்காகச் சனிக்கிழமைதோறும் கிள்ளானில் கொமுட்டர் ரயில் ஏறி, கோலாலம்பூர் கேஎல் சென்ட்ரலில் இறங்கி, பிரிக்பீல்ட்ஸில் ஒரு மாடியில் நடந்த வகுப்புக்குப் போனார். டீச்சர் ரோகிணி ஜப்பானில் நான்கு வருடம் படித்து வந்த பெண். ஐந்து மாதத்தில் பக்கிரிசாமி இரண்டு வகை எழுத்தையும் முடித்து, சித்திர எழுத்தில் முந்நூறைப் பிடித்துவிட்டார். ரோகிணியே வாயைப் பிளந்தாள்.

"அங்கிள், கேட்கும் பகுதிக்கும் கொஞ்சம் பயிற்சி எடுங்க. ஒலிப்பதிவை ஒரு தடவைதான் போடுவாங்க."

"டீச்சர், மத்ததைச் சொல்லுங்க. கேட்கறது என் வேலை. என் சோறே அதுலதான் வெந்துக்கிட்டு இருக்கு."

அது பொய்யில்லை. ஆனால் அந்தக் கிடங்கின் வழக்கம் ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். வாக்கி-டாக்கியில் கட்டளை வந்தால், கேட்டவன் அதே வார்த்தைகளை உரக்கத் திருப்பிச் சொல்ல வேண்டும். கையை நீட்டி இடத்தைக் காட்ட வேண்டும். அதற்கப்புறம்தான் வண்டி நகரும். வாய் திறக்காதவன் சாவியைக் கொடுத்துவிட்டு ஓரமாக உட்கார வேண்டும். ஜப்பான்காரர்கள் கொண்டுவந்த பழக்கம் அது. பத்தொன்பது வருடமாகப் பக்கிரிசாமி அதில் ஒருநாளும் தவறியதில்லை. அவருடைய காலத்தில் அந்தக் கிடங்கில் ஒருவன் காலில்கூடப் பலகை விழுந்ததில்லை என்றால், காரணம் அந்த வாய்தான்.

ஜூலை முதல் ஞாயிறு. கோலாலம்பூரில் ஒரு கல்லூரி மண்டபம். வந்திருந்தவர்கள் எல்லாம் பேரப்பிள்ளை வயது. வாசலில் ஒரு பெண் கேட்டாள்.

"அங்கிள், மகளைக் கொண்டாந்து விட்டீங்களா?"

"மக வீட்டுல தூங்குறா. எழுதப் போறது நான்."

எழுத்துப் பகுதியும் வாசிப்புப் பகுதியும் ஒழுங்காகப் போயின. கடைசியாகக் கேட்கும் பகுதி. ஒலிபெருக்கியில் ஒரு பெண்குரல் நிதானமாகப் பேசியது. மண்டபம் அப்படியே அடங்கியது. பக்கிரிசாமிக்குச் சிரிப்பு வந்தது. கிரேன் சத்தத்துக்கும் லோரி ஹார்னுக்கும் நடுவே கேட்டுப் பழகிய காது. இந்த அமைதியில் கேட்பதற்குத் தேர்வு வேறா?

முதல் கேள்வியிலேயே அவருடைய வாய் அசைய ஆரம்பித்துவிட்டது. ஒலிபெருக்கி சொல்வதை அவரும் முணுமுணுப்பாகத் திருப்பிச் சொன்னார். முன்வரிசையில் இருவர் திரும்பிப் பார்த்தார்கள். எதற்குப் பார்க்கிறார்கள் என்று அவருக்கு விளங்கவில்லை. கடைசிப் பிரிவில் தாளில் படமோ எழுத்தோ கிடையாது. ஒருவர் ஒரு வாக்கியம் பேசுவார்; அதற்கு ஏற்ற பதில் எது என்று மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஓர் ஆண்குரல், "மன்னிக்கவும், அந்தப் பேனாவைக் கொஞ்சம் தர முடியுமா?" என்று கேட்டது.

"ஹாய், தோஸோ!" என்றார் பக்கிரிசாமி, கிடங்கின் மூலைவரை கேட்கிற குரலில். சரி, இந்தாருங்கள் என்று அர்த்தம். கையும் பேனா இருக்கிற திசையில் நீண்டது.

மண்டபமே சிரித்தது. கண்காணிப்பாளர் வேகமாக வந்து அவருடைய மேசைமேல் மஞ்சள் அட்டையை வைத்தார். அது எச்சரிக்கை. இன்னொரு முறை என்றால் சிவப்பு அட்டை, தேர்வே செல்லாது.

அதற்கப்புறம் பக்கிரிசாமி இடதுகையால் வாயைப் பொத்திக்கொண்டார். காது திறந்துதான் இருந்தது, ஒன்றும் உள்ளே போகவில்லை. மஞ்சள் அட்டை மட்டும்தான் கண்ணுக்குள் நின்றது. மிச்சக் கேள்விகளுக்கெல்லாம் இரண்டாம் வட்டத்தையே கறுப்பாக்கிவிட்டு எழுந்தார்.

ஆகஸ்ட் கடைசியில் முடிவு வந்தது. மொத்தம் நூற்றெண்பதுக்குத் தொண்ணூற்றெட்டு; தொண்ணூறு எடுத்தாலே போதும். ஆனால் கேட்கும் பகுதியில் தனியாகக் குறைந்தது பத்தொன்பது எடுத்திருக்க வேண்டும். பக்கிரிசாமி எடுத்தது பதினேழு. முந்தின வருடம்வரை ஓர் எழுத்துத் தெரியாத மனிதர் வாசிப்பில் தேறிவிட்டார். காதை வைத்துச் சோறு தின்றவர் கேட்பதில் விழுந்துவிட்டார்.

கிடங்கில் அதை அவர் மறைக்கவில்லை. மறைத்துப் பிழைக்கிற ஆள் அவர் இல்லை. சிவநேசன்தான் முதலில் வாய் திறந்தார்.

"ரெண்டு மார்க்குல போச்சாண்ணே?"

"ரெண்டு மார்க்குல."

"நான்கூட வெளையாட்டுக்குத்தான் சொன்னேன். டிசம்பர்ல விடாதீங்க. வேற எவனாவது வந்து எனக்குச் சாவி குடுக்கறதைப் பாக்க முடியாது என்னால."

அடுத்த சனிக்கிழமை ரோகிணி வகுப்பு முடிந்ததும் அவரைத் தனியாக உட்காரவைத்து ஓர் ஒலிப்பதிவைப் போட்டாள். கணவன் கடைக்குப் போகும்போது மனைவி சொல்கிறாள்: பால், ரொட்டி, முட்டை வாங்கி வா. பக்கிரிசாமி வாய்க்குள் சொல்லிக்கொண்டே கேட்டுவிட்டு, "பால், ரொட்டி, முட்டை" என்றார்.

"இல்ல அங்கிள். முட்டை இருக்குன்னு அவளே அப்புறம் சொல்றா. நாளைக்கு வெளியே சாப்பிடப் போறோம், ரொட்டியும் வேணாம்னு அவன் சொல்றான். பால் மட்டும்தான்."

"அது எப்ப சொன்னாங்க?"

"நீங்க திருப்பிச் சொல்லிக்கிட்டு இருந்தீங்களே, அப்ப. பாதியிலேயே பேச ஆரம்பிச்சிடுறீங்க. மீதிப் பாதி உங்க குரலுக்குள்ளயே அமுங்கிப் போவுது."

பக்கிரிசாமி மறுபடி போடச் சொன்னார். மறுபடியும் அப்படியே. மூன்றாம் தடவையும் அப்படியே. கிடங்கில் கட்டளை என்றால் கட்டளை. மூன்றாம் கதவு என்றால் மூன்றாம் கதவுதான். சொன்ன பிறகு மனம் மாறுகிறவன் அங்கே வேலை செய்ய முடியாது. இந்த ஒலிப்பதிவு மனிதர்களோ கடைசி மூச்சில் மனம் மாறுகிறார்கள். அவர்கள் மாறும்போது பக்கிரிசாமி பழைய பேச்சைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

"வீட்டுல பயிற்சி எடுக்கும்போது சத்தமா திருப்பிச் சொல்றது நல்லதுதான் அங்கிள். ஆனா முழுசா கேட்டு முடிச்சதுக்கப்புறம் சொல்லுங்க. முதல்ல வாயை நிறுத்தணும்."

நிறுத்துவது லேசாக இல்லை. வாயில் மிட்டாயைப் போட்டுப் பார்த்தார்; மிட்டாயோடு பேசினார். கைக்குட்டையைக் கடித்துப் பார்த்தார். கைக்குட்டை கீழே விழுந்தது. பத்தொன்பது வருடம் நெய் ஊற்றி வளர்த்த பழக்கம், ஒரு வாரத்தில் போய்விடுமா? ஒருநாள் சமையற்கட்டிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்த அவர் மனைவி லெட்சுமி கரண்டியோடு வெளியே வந்தாள்.

"என்னங்க, நீங்க எத்தனை வருசம் தைப்பூசத்துக்கு வாய்ப்பூட்டு போட்டீங்க?"

"ஒம்பது வருசம்."

"கன்னத்துல வேலைக் குத்திக்கிட்டு பத்துமலை படி ஏறினீங்களே, அப்ப ஒரு வார்த்தை பேசினீங்களா?"

"பேசினா விரதம் போச்சு. எப்படிப் பேசுவேன்?"

"அதேதான். மிட்டாயைத் தின்னா வாய் அடங்குமா? முருகன்கிட்ட சொல்லிட்டு அடக்குங்க."

பக்கிரிசாமி அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு போய்க் குளித்தார்.

தேர்வுக்குச் சரியாக நாற்பத்தெட்டு நாள் இருக்கும்போது விரதம் தொடங்கினார். காவடிக்கு இருக்கிற மாதிரியே ஒருவேளைச் சாப்பாடு, பாயில் படுக்கை. விடியற்காலையில் சாமி முன்னால் திருநீறு பூசி உட்கார்ந்து, ஒரு மணி நேரம் ஒலிப்பதிவைப் போடுவார். அது ஓடுகிறவரை வாய்ப்பூட்டு. வேல் குத்தவில்லை, அவ்வளவுதான். மற்றதெல்லாம் அதே கட்டுப்பாடு. ஒவ்வொரு உரையாடலும் முழுசாக முடிந்தபின் நிறுத்திவிட்டு, கேட்டதைத் தமிழில் லெட்சுமிக்குச் சொல்ல வேண்டும். அவள் சந்தேகம் கேட்டால் பதில் சொல்ல வேண்டும்.

"அந்தப் பொண்ணு ஏன் பஸ்ஸுல போகல?"

"பஸ்ஸுலதான் போறேன்னா. மழை வந்துச்சு. அக்கா காருல வந்து ஏத்திக்கிட்டா."

"முந்தா நாளு இந்த மாதிரி ஒரு கதையில பஸ்ஸோட நிறுத்திட்டீங்க."

"முந்தா நாளு நான் வேற ஆளு."

பத்து நாளில் நாக்கு அடங்கியது. இருபது நாளில், இதுவரை அவருக்குத் தெரியாத ஒன்று தெரிந்தது. பேசுகிறவர் மனம் மாறுவதற்கு முன்னால் குரல் லேசாகத் தயங்குகிறது. அந்தத் தயக்கத்தை வைத்தே, இதோ மாற்றிச் சொல்லப் போகிறான் என்று கண்டுகொள்ள முடிந்தது. நடுவில் தீபாவளி வந்தது. வீடு முழுக்க ஆட்டுக்கறி வாசம். பக்கிரிசாமி சாம்பார் ஊற்றிச் சாப்பிட்டார். வந்த சொந்தக்காரர்கள் பரிதாபப்பட்டார்கள். அவருக்கு அவர்கள்மேல்தான் பரிதாபம். நினைத்ததை நாற்பத்தெட்டு நாள் பிடித்துவைக்க எத்தனை பேரால் முடியும்?

கிடங்கில் மட்டும் பழையபடி உரக்கத் திருப்பிச் சொன்னார். அது அங்கே வேலை. எது எங்கே என்று பிரித்து வைக்கத் தெரியாவிட்டால் லீடராக இருந்து என்ன பிரயோசனம்?

டிசம்பர் முதல் ஞாயிறு. அதே மண்டபம், அதே கண்காணிப்பாளர். அவர் பக்கிரிசாமியை அடையாளம் கண்டுகொண்டு பக்கத்திலேயே வந்து நின்றார். நிற்கட்டும்.

கேட்கும் பகுதியில் ஆறாவது கேள்வி அவரைச் சோதிக்கவே வைத்த மாதிரி இருந்தது. ஒரு கிடங்கு. மேலாளர் சொல்கிறார்: அந்தப் பெட்டிகளை மூன்றாவது அலமாரியில் வையுங்கள். பக்கிரிசாமியின் வலதுகை மேசையிலிருந்து ஓர் அங்குலம் எழுந்தது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியது. கண்காணிப்பாளர் ஓர் அடி முன்னால் வந்தார். பக்கிரிசாமி பல்லைக் கடித்து, மனதுக்குள் முருகா என்றார். ஒலிபெருக்கியில் குரல் தயங்கியது. மூன்றாவது நிறைந்துவிட்டதா, அப்படியானால் சன்னல் பக்கம் தரையிலேயே வைத்துவிடுங்கள், நாளைக்கு லோரி வந்து எடுத்துக்கொண்டு போகும்.

வினாத்தாள் படத்தில் சன்னல் பக்கத்துக்கு எண் நான்கு. நான்காம் வட்டத்தைக் கறுப்பாக்கினார். கண்காணிப்பாளர் அடுத்த வரிசைக்குப் போனார்.

ஜனவரிக் கடைசியில் ரோகிணி போன் செய்தாள். கேட்கும் பகுதியில் நாற்பத்தொன்று. மொத்தம் நூற்றிருபத்திரண்டு. வகுப்பிலேயே கேட்பதில் அதிகம் அவர்தான். இருபது வயதுப் பிள்ளைகள் எல்லாம் அவருக்குப் பின்னால். "தெரியும் டீச்சர்" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் மொரித்தா நியமனக் கடிதத்தை ஆங்கிலத்தில் அச்சடிக்கச் சொன்னார். பக்கிரிசாமி தடுத்தார்.

"ஜப்பான் மொழியிலேயே கொடுங்கள். தேர்வு அதில்தானே எழுதினேன்?"

மொரித்தா அச்சை நிறுத்தச் சொன்னார். பிறகு தானே உட்கார்ந்து தட்டச்சு செய்து, முத்திரை வைத்து, இரண்டு கையாலும் நீட்டினார். பக்கிரிசாமி அங்கேயே நின்று முழுதையும் வாசித்தார். கால்மணி நேரம் பிடித்தது. இரண்டு எழுத்து தெரியவில்லை. விரலை வைத்துக் கேட்டார், மொரித்தா சொன்னார். அடியில் தமிழில் கையெழுத்துப் போட்டார்.

வெளியே சிவநேசன் வண்டியை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார்.

"என்னாண்ணே எழுதியிருக்கு?"

"ஏப்ரல் ஒண்ணாந்தேதியிலிருந்து லீடர் பக்கிரிசாமின்னு எழுதியிருக்கு."

"அம்புட்டுதானா? இவ்ளோ நீளமா இருக்கு?"

"பாக்கியெல்லாம் உன்னை மாதிரி ஆளுங்களை எப்படிச் சமாளிக்கணும்னு. போ லா, அஞ்சாம் கதவுல லோரி வந்து பத்து நிமிசம் ஆச்சு."