படுத்துக் கிடப்பவருக்கு எவ்வளவு சோறு?

அறுபதுகளில் திருச்சியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் சாப்பாட்டுக்குக் கணக்குப் போடுவது என் வேலை. வயது, உயரம், எடை இவற்றை வைத்து, ஒருவருக்கு ஒரு நாளைக்கு எத்தனை கலோரி வேண்டும் என்று சொல்வேன். டாக்டர்களுக்கு அது வேடிக்கை.

துறையூர்ப் பக்கத்திலிருந்து ஒருவரைக் கொண்டுவந்தார்கள். வெல்லம் காய்ச்சும் கொப்பரையிலிருந்து பாகு கொட்டி, இடுப்புக்குக் கீழே வெந்திருந்தது. நிற்க முடியாதவரை எப்படி எடை பார்ப்பது? சமையல்கட்டில் அரிசி மூட்டை நிறுக்கும் மேடைத் தராசில் ஸ்ட்ரெச்சரோடு ஏற்றி, ஸ்ட்ரெச்சரின் எடையைக் கழித்தேன். கட்டுத்துணியின் எடை எவ்வளவோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

"படுத்துக் கெடக்கிறவருக்கு எதுக்கும்மா இவ்வளவு சாப்பாடு?" என்றார் டாக்டர். புண்ணை ஆற்றுவதற்கே வெந்த உடம்புக்கு வயலில் உழைப்பவரின் சாப்பாடு வேண்டும் என்று தொண்டை வறளச் சொன்னேன். அரைமனதாகக் கையெழுத்துப் போட்டார். பால், முட்டை, பருப்பு எல்லாம் கூடின. தட்டும் காலியாகத்தான் திரும்பியது. ஆனால் எடை இறங்கிக்கொண்டே போனது, புண்ணும் ஆறவில்லை. கூட்டிக் கழித்துப் பார்த்து என் மண்டை காய்ந்ததுதான் மிச்சம். டாக்டரின் சிரிப்பு வேறு.

ஒரு மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் வார்டுக்கே போய் நின்றேன். பாதி சாப்பிட்டவர், தட்டை மனைவியிடம் தள்ளினார். துணைக்கு இருப்பவர்களுக்கு ஆஸ்பத்திரியில் சோறு கிடையாது. எனக்கு வந்ததே கோபம்!

"முழுசா சாப்பிட்டாலே உங்களுக்குப் பத்தாதுங்க. இப்படிக் கொடுத்தா புண்ணு எப்படி ஆறும்?"

"அவ பட்டினியா எதிர்ல உக்காந்திருக்கா. எனக்கு மட்டும் எப்படிங்க எறங்கும்?" என்றார்.

அவளுக்கும் ஒரு சாப்பாடு கேட்டு ஆபீசுக்குப் போனேன். நோயாளிக்கு மட்டும்தான் என்று கையை விரித்துவிட்டார்கள். மறுநாள் ஸ்ரீரங்கத்தில் என் வீட்டிலிருந்து தயிர்சாதம் கட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். வார்டு வாசலில் அவளிடம் கொடுத்து, "இது உங்களுக்கு. நீங்கதான் சாப்பிடணும்" என்று அழுத்திச் சொன்னேன். தலையாட்டினாள்.

கொஞ்ச நேரம் கழித்து எட்டிப் பார்த்தால், அந்தத் தயிர்சாதத்தை உருட்டி உருட்டி அவருக்கு ஊட்டிக்கொண்டிருக்கிறாள். ஆத்திரம் தாங்கவில்லை எனக்கு.

"உங்களுக்குன்னுதானே கொடுத்தேன்!" என்று கத்திவிட்டேன்.

அவள் மிரண்டுபோய் என்னைப் பார்த்தாள். "அவருக்குப் பத்தலைன்னு நீங்கதானேங்க சொன்னீங்க?"