புடவை சுற்றிய காகிதத்து இங்கிலீஷ்

என் இங்கிலீஷ் எடைக்கு வாங்கிய காகிதத்தில் வந்தது. நெய்து முடித்த பட்டுப் புடவைகளைச் சுற்றி அனுப்ப, முதலாளி மெட்ராஸிலிருந்து பழைய இங்கிலீஷ் பேப்பர்களைக் கட்டுக்கட்டாக வரவழைத்து நெசவு வீடுகளுக்குக் கொடுப்பார். ஞாயிற்றுக்கிழமைத் தாள்களில் ஒரு மூலையில் கடினமான சொற்களும் சொல்வழக்குகளும் பாடம் போல வரும். அந்தத் தாள்களை மட்டும் எடுத்து மறைத்துவிடுவேன். பல நேரம் கேள்வி இருக்கும் பாதிதான் கிடைக்கும். விடை இருக்கும் பாதி யாரோ ஒரு கல்யாணப் பெண்ணின் புடவையோடு போயிருக்கும். அப்போது வரும் கோபம் இருக்கிறதே!

பி.யு.சி. முடித்துவிட்டுத் தறியில் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். புடவையின் உடலை அவர் நெய்வார், கரைக்கு நூல் ஓட்டும் நாடாக்கட்டையைத் தள்ளிவிடுவது என் வேலை. கை தானாக ஓடும், புத்தி சும்மா கிடக்கும். எண்பதுகளின் தொடக்கத்தில் எங்கள் ஊருக்கு அடுத்த சேவூர்ப் பக்கம் புதிதாக ஓர் இங்கிலீஷ் மீடியம் பள்ளி திறக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். அங்கே டீச்சரானால் அந்தத் தறியை விட்டு எழுந்துவிடலாம். எனக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

வெறி பிடித்தவள் மாதிரி படித்தேன். மேக்னானிமஸ் என்றால் பெருந்தன்மை, ஆப்ஸ்டினேட் என்றால் பிடிவாதம். கோடாலியைப் புதைத்தால் சமாதானமாம், வாளியை உதைத்தால் சாவாம். வெள்ளைக்காரனுக்கு வேறு வேலையே கிடையாதா என்று திட்டிக்கொண்டே மனப்பாடம் செய்தேன். இதையெல்லாம் யாரும் பேசி நான் கேட்டதில்லை. என் வாய்க்குள்ளேயே பிறந்து வாய்க்குள்ளேயே கிடந்த இங்கிலீஷ் அது.

"இன்னாம்மா முணுமுணுத்துகினே இருக்க? கரைய உட்டுட்ட பாரு. ஒரே பேஜாரா போச்சி உன்னோட" என்பார் அப்பா.

"பேய் கீய் புடிச்சிகிச்சா இவளுக்கு?" என்று அடுப்படியிலிருந்து அம்மா.

பள்ளி திறந்ததும் நேர்முகத் தேர்வுக்கு என் ஒரே நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு போனேன். பள்ளியின் தலைமையாசிரியை மெட்ராஸ்காரர். பிடிவாதத்துக்கு இங்கிலீஷில் என்ன சொல் என்று கேட்டார், சொன்னேன். வாளியைக் கேட்டார், அதையும் சொன்னேன். அவர் புருவம் உயர்ந்ததைப் பார்த்தேன். கிடைத்துவிட்டது என்றே நினைத்தேன், சத்தியமாக.

"வாங்க, கிளாஸ்ல கொஞ்சம் பேசிக் காட்டுங்க" என்று கூட்டிப்போனார்.

சின்னப் பிள்ளைகளின் வகுப்பு. அன்றுதான் சேர்ந்த ஒரு பையன் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தான். தலைமையாசிரியை அவனைக் காட்டினார். "டோண்ட் க்ரை" என்றேன். அவன் இன்னும் பெரிதாக அழுதான். திரும்பச் சொன்னேன். அது எனக்கே அதட்டல் மாதிரிதான் கேட்டது. மேற்கொண்டு என்ன சொல்வது? அத்தனை காகிதத்தில் ஒன்றிலாவது ஒரு குழந்தையைக் கொஞ்சுவதற்கு ஒரு சொல் இருந்திருக்கக் கூடாதா? அவனுக்கு மூச்சு முட்டியது, முகம் சிவந்துவிட்டது. வாரித் தூக்கிவிட்டேன்.

"அழாதடா கண்ணு. அம்மா இதோ வந்துகினே இருக்காங்க. என் ராஜா இல்ல?"

அவன் விக்கிவிட்டு என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டான். புடவையெல்லாம் மூக்குச்சளி. வகுப்பே அமைதியாகிவிட்டது. நான் பெருமையோடு திரும்பிப் பார்த்தேன், முட்டாள் மாதிரி.

"உங்க இங்கிலீஷ் நல்லா இருக்கும்மா" என்றார் தலைமையாசிரியை. "ஆனா கிளாஸ் உள்ளே ஒரு வார்த்தை தமிழ் கேக்கக் கூடாதுன்னுதான் பெத்தவங்க இங்க சேக்கறாங்க. டீச்சரே இப்படின்னா?"

இதை அவர் தமிழில்தான் சொன்னார்.

பிறகு கொஞ்சம் இரக்கத்தோடு, "பிள்ளைங்க உங்ககிட்ட நல்லா ஒட்டிக்குதுங்க. பாத்ரூம் கூட்டிப் போக, சோறு ஊட்டிவிட ஒரு ஆயா வேணும். வரீங்களா? ஆயா தமிழ் பேசலாம்" என்றார்.

மறுப்பதற்கு எத்தனை இங்கிலீஷ் சொல் படித்திருந்தேன்! "யோசிச்சி சொல்றேங்க" என்றுதான் வாயில் வந்தது.

வீட்டில் சொன்னபோது அப்பா தலை நிமிராமல் தறியில் கொஞ்சம் நகர்ந்து எனக்கு இடம் விட்டார். இரண்டு நாள் அதிலேயே உட்கார்ந்திருந்தேன். அதற்குமேல் முடியவில்லை.

திங்கட்கிழமை ஆயா வேலைக்குப் போனேன். வாசலில் என்னைக் கண்டதும் அந்தப் பையன் சிரித்துக்கொண்டே ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டான். எனக்கு அவனைப் பிடித்துத் தள்ளிவிட வேண்டும் போல இருந்தது.