காதுக்காரரின் இடது பக்கம்

வெறும் தம்ளரின் விளிம்பில் கரண்டியை மெல்ல உரசியபடி, பேத்தியின் முதுகுக்குப் பின்னால் குந்தியிருந்தார் காதுக்காரர். எதிரே மாப்பிள்ளை சாவிக்கொத்தை ஆட்டிக் குழந்தையின் பார்வையைப் பிடித்துவைத்திருந்தார். மாமனார் அவருக்கு இட்ட வேலை அது. குழந்தையின் கண்கள் சாவியை விட்டு விலகின; அப்புறம் தலையும் திரும்பியது. "பாஸ்" என்று சொல்லிவிட்டுக் கரண்டியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார் காதுக்காரர். படகுத்துறைக் கூடத்தில் காத்திருந்தவர்கள் இந்தக் கூத்தை வேடிக்கை பார்த்தார்கள். எட்டு மாதத்துக்குள் இத்தனை பரீட்சை எழுதிய பிள்ளை உலகத்திலேயே இவள்தான் என்று மகள் அலுத்துக்கொண்டாள்.

ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் காதுப் பிரிவில் வேலை பார்த்தே அவருக்குத் தலை நரைத்தது. பச்சைக்குழந்தைகளுக்குக் காது கேட்கிறதா என்று பார்த்துச் சொல்வது அவர் வேலை. தெருவில் அவர் பெயர் தபால்காரருக்குக்கூடத் தெரியாது, எல்லாருக்கும் காதுக்காரர்தான். தொழிலின் சூத்திரத்தைக் கேட்டவருக்கும் சொல்வார், கேட்காதவருக்கும் சொல்வார். "கண்ணு முன்னாடி போகும், தலை பின்னாடி வரும். அப்பதான் பிள்ளைக்குக் கேட்டுச்சுன்னு அர்த்தம். சும்மா பராக்குப் பாக்குற பிள்ளைக்கு ரெண்டும் சேந்து அலையும்." சத்தம் வந்த இடத்தில் குழந்தையின் கருவிழிகள் போய் நிற்கும் விதத்தைப் பார்த்தே, அது பக்கத்திலிருந்து வந்ததா, தொலைவிலிருந்து வந்ததா என்று சொல்லிவிடுவார். இந்த விஷயத்தில் அவரோடு வம்புக்குப் போய் ஜெயித்தவர்கள் கிடையாது.

ஊருக்கெல்லாம் சகுனம் சொன்ன பல்லி தான் போய்க் கழுநீர்ப் பானையில் விழுந்ததாம். ஓய்வு பெற்ற மறு வருடம் வந்த காய்ச்சலில் காதுக்காரரின் இடது காது போய்விட்டது. காய்ச்சல் இறங்கியும் காது திரும்பி வரவில்லை. தானே சோதித்துப் பார்த்தார். கரண்டி, மணி, கசக்கிய காகிதம் எதற்கும் அந்தப் பக்கம் வாய் திறக்கவில்லை. காது மிஷின் மாட்ட வெட்கப்பட்ட எத்தனையோ பேரை உட்காரவைத்துப் பேசிக் கரைத்த மனிதர், தனக்கென்று வந்தபோது மூச்சு விடவில்லை. எந்த சோபாவிலும் இடது ஓரத்தைப் பிடித்துக்கொள்வார். நடந்தால் எல்லாரையும் வலது பக்கம் விட்டுக்கொள்வார். மற்றவர்கள் சிரித்த பிறகு, கொஞ்சம் தாமதமாக, அவர்களைவிடப் பலமாகச் சிரிப்பார். காதில் விழாத பேச்சு எதுவானாலும் கைவசம் ஒரு பதில் உண்டு: "அதானே!" மழை வரும் போலிருக்கிறது என்றாலும் அது பொருந்தும், மாப்பிள்ளையின் மேலதிகாரி மோசம் என்றாலும் பொருந்தும். மீதிக் காலத்தை இந்த ஒரு சொல்லை வைத்தே ஓட்டிவிடலாம் என்றுதான் அவர் நினைத்திருந்தார்.

தீவு தீவாகப் போய்வரும் இந்த விடுமுறை மாப்பிள்ளையின் யோசனை. மகள், மாப்பிள்ளை, மாப்பிள்ளையின் அம்மா, காதுக்காரர், இவர்கள் எல்லாரையும் தன் அழுகையால் ஆட்டிவைக்கும் குழந்தை. பெட்டிகளில் பாதி டயப்பர். வெளியே சொல்லாவிட்டாலும் இது ஒரு தேர்வுப் பயணம் என்பது எல்லாருக்கும் தெரியும். ஊர் திரும்பியதும் மகள் வேலைக்குப் போக வேண்டும். பகலெல்லாம் குழந்தையை யார் பார்த்துக்கொள்வது? ஒன்று அப்பா. இல்லையென்றால், ஓர் இரவு ரயிலில் போனால்தான் எட்டும் ஊரில் இருக்கும் மாமியார். சம்பந்தியம்மா பெரிய கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, குழந்தையின் தொப்பி நாடாவை அவிழ்ப்பதும் கட்டுவதுமாகத் தன் கட்சிக்கு ஆள் சேர்த்துக்கொண்டிருந்தார். காதுக்காரரின் மனைவி போய்ச் சேர்ந்த பிறகு அந்த வீட்டில் பேச்சுக்குரல் என்று ஒன்று இருந்தது வானொலியில்தான். பேத்தி வந்த பிறகுதான் வீடு வீடாயிற்று.

முதல் தீவில், வெயில் மண்டையைப் பிளக்கும் மத்தியானம். மற்றவர்கள் பின்பக்கக் கிணற்றடியில் உப்புத்தண்ணீரைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். விடுதியின் வராந்தாவில் காதுக்காரர் குழந்தையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். இடது பக்கம் கடல். மணலில் ஒரு காக்கைகூட இல்லை. குழந்தை தன் கால் கட்டைவிரலைப் பிடித்து விளையாடிக்கொண்டிருந்தது. திடீரென்று விரலை விட்டது. கண்கள் இடது பக்கம் போயின. தலையும் பின்னோடே திரும்பியது. அலை உடைகிற இடத்தையும் தாண்டி, நல்ல தொலைவில், பார்வை போய் நின்றது.

அந்த நேரம் பார்த்து ஈரத்தலையோடு மகள் வாசலுக்கு வந்தாள். காதுக்காரருக்குத் தூக்கிவாரிப்போட்டது. இடது பக்கம் ஏதோ பலமான சத்தம் வந்திருக்கிறது, குழந்தையே திரும்பிவிட்டது, நாம் கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருக்கிறோம், மகள் பார்த்துவிட்டாள் என்று ஒரே நொடியில் அத்தனையும் மனதில் ஓடியது. "கேட்டுச்சு, கேட்டுச்சு. யாரோ கூப்பிடுறாங்கம்மா" என்றார். அதோடு விட்டிருக்கலாம். காது நன்றாக இருக்கிறது என்று காட்டிவிடும் அவசரத்தில், கடலைப் பார்த்துக் கையைத் தூக்கி, "இதோ வர்றோம்! இருங்க!" என்று குரல் கொடுத்தார்.

மகள் அவரையும் கடலையும் மாறி மாறிப் பார்த்தாள். தனக்கு எதுவும் கேட்கவில்லையே என்றாள். படகுக்காரனாக இருக்கும் என்று சமாளித்தார். விடுதிக்காரர் துண்டுகளை மடித்தபடி வந்து, அந்தப் பக்கம் முழுக்கப் பாறை, எந்தப் படகும் வராது என்றார். காதுக்காரர், "அதானே!" என்றார்.

இரண்டாவது தீவிலும் மத்தியானம்தான். மர நிழலில் பாய் விரித்து எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். சம்பந்தியம்மா தன் வளையலைக் கழற்றிக் குழந்தைக்கு முன்னால் உருட்டிக்கொண்டிருந்தார். வளையல் என்றால் குழந்தைக்கு உயிர். அதையும் விட்டுவிட்டுக் கண்கள் போயின, தலை போனது. காதுக்காரர் இந்த முறை குழந்தையின் கண்களை மட்டும் பார்த்தார். தொழில் அவரை ஏமாற்றாது. தண்ணீரும் மணலும் சேர்கிற இடத்தில் பார்வை நின்றது. முன்பு கேட்டது தொலைவில். இப்போது கேட்டது கரையில்.

யாருக்காவது ஏதாவது கேட்டதா என்று பட்டும் படாமலும் விசாரித்தார். சம்பந்தியம்மாவுக்கு எதுவும் கேட்கவில்லை. மகளும் இல்லை என்றாள். மாப்பிள்ளை, தன் போனில் ஒரு கோடு சிக்னல்கூட இல்லாத இடத்தில் பாப்பாவுக்கு மட்டும் எங்கிருந்தோ கிடைக்கிறது என்று சொல்லிச் சிரித்தார். எல்லாரும் சிரித்தார்கள். காதுக்காரர் சிரிக்க மறந்துவிட்டார். குழந்தை தண்ணீரோரத்தைப் பார்த்து, தெரிந்தவர்களைப் பார்த்துச் சிரிப்பது போலச் சிரித்துக்கொண்டிருந்தது.

மூன்றாவது தீவுக்குப் போகும் படகில் அவருக்கு ஒரு கணக்கு புரிந்தது. ஒரு தீவில் ஏதோ கத்தியது என்றால் சரி. பறவை, காற்று என்று எதையாவது சொல்லித் தேற்றிக்கொள்ளலாம். இரண்டு தீவுக்கும் நடுவில் இவ்வளவு கடல் கிடக்கிறது. அதையும் தாண்டி அது வந்திருக்கிறது. யார் என்று தெரியாத ஒன்று கூப்பிட்டிருக்கிறது. காது கேட்பது போல நடிக்கப் போய், நாம் வாயைக் கொடுத்துவிட்டோம். வர்றோம், இருங்க என்றோம். நாம் போகவில்லை. அதனால் அது வருகிறது.

இதை யாரிடம் சொல்வது? சொன்னால், அன்றைக்கு என்னதான் கேட்டது என்று மகள் கேட்பாள். எதுவும் கேட்கவில்லை என்றால் செவிட்டுக் காது வெளியே வரும். கேட்டது என்றால் அப்பாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று ஆகும். எப்படிச் சொன்னாலும் குழந்தை ரயிலேறிவிடும்.

மூன்றாவது தீவில் அறையை விட்டு வெளியே வரவில்லை. தலைவலி என்று படுத்துக்கொண்டார். குழந்தையும் பக்கத்தில் கிடந்தது. கடலுக்கு முதுகைக் காட்டுகிற அறையாகக் கேட்டு வாங்கியிருந்தார். அப்படியும் மத்தியானம் குழந்தை புரண்டு எழுந்து உட்கார்ந்தது. கண்கள் வாசலுக்குப் போயின. வாசலில் கழற்றிப் போட்ட செருப்புகளைத் தவிர ஒன்றும் இல்லை. குழந்தை இரண்டு கைகளையும் தூக்கியது. யாரிடமும் சுலபமாகப் போகாத குழந்தை அது. தனக்குப் பிடித்தவர்கள் "வா" என்று கூப்பிட்டால்தான் இப்படிக் கையைத் தூக்கும். காதுக்காரர் அவளை அப்படியே அள்ளி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சுவரைப் பார்க்கத் திரும்பினார். குழந்தை அவர் தோளுக்கு மேலே எட்டி எட்டி வாசலைப் பார்த்தது. போக விடாததற்கு அழுதது.

கடைசித் தீவின் படகுத்துறையில் ஊருக்குத் திரும்பும் படகுக்காகக் காத்திருந்தார்கள். பலகைகள் வெயிலில் காய்ந்து உப்பு வாசம் அடித்தன. மாப்பிள்ளை பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். காதுக்காரர் பெஞ்சின் இடது ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு அந்தப் பக்கம் கைப்பிடிச் சட்டமும், அதற்குப் பிறகு தண்ணீரும்தான். குழந்தை அவரைப் பார்த்தபடி அவர் தொடைமேல் நின்று குதித்துக்கொண்டிருந்தது. மகள் வலது பக்கம் வந்து உட்கார்ந்தாள்.

"அப்பா, நானும் அவரும் பேசிட்டோம். அத்தையும் சரின்னுட்டாங்க" என்றாள். "பாப்பா உங்ககிட்டயே இருக்கட்டும். இந்த ஒரு வாரமா நீங்க அவளைக் கீழயே விடல. உங்களை மாதிரி வேற யாரு பாத்துக்குவா?"

காதுக்காரருக்குக் கண் நிறைந்துவிட்டது. சம்பந்தியம்மா கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி, தோற்ற கட்சியின் பெருந்தன்மையோடு அவரைப் பார்த்துத் தலையாட்டினார். மாதக்கணக்காக நெஞ்சில் இருந்த பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

குழந்தை குதிப்பதை நிறுத்தியது.

கண்கள் அவர் முகத்தை விட்டு நகர்ந்தன. அதிக தூரம் போகவில்லை. அவருடைய இடது தோளுக்கு மேலே, அவர் கன்னத்துக்கு ஒரு சாண் தள்ளி, கருவிழிகள் இரண்டும் உள்பக்கம் சேர்ந்து நின்றன. அவ்வளவு கிட்டத்தில் ஒரு முகத்தைப் பார்த்தால்தான் குழந்தையின் கண்கள் அப்படிச் சேரும். அவருக்கு அது நன்றாகத் தெரியும். பிறகு தலையும் திரும்பியது. குழந்தை சிரித்தது. இரண்டு கைகளையும் தூக்கி, அவர் தோளைத் தாண்டித் தாவியது. அவர் அதன் இடுப்பைப் பிடித்து இழுக்காமல் இருந்திருந்தால் சட்டத்தைத் தாண்டித் தண்ணீருக்குள் போயிருக்கும்.

வாக்குக் கொடுத்தவன் நான். என் குரலைப் பிடித்துக்கொண்டு வந்தது என்னிடம்தான் இருக்கும். என் வீட்டுக்கும் வரும். இதை நினைத்து முடிப்பதற்குள் அவர் எழுந்து நின்றுவிட்டார். குழந்தையை மகளின் மடியில் வைத்தார். அவளுடைய பிஞ்சு விரல்கள் அவர் சட்டையைப் பிடித்திருந்தன, ஒவ்வொன்றாக விடுவித்தார். அப்படி விடுவிக்கும்போது அவருக்கு உயிரே போயிற்று.

"எனக்கு இடது காது சுத்தமாக் கேக்காதும்மா" என்றார். "ரெண்டு வருஷமாச்சு. உங்கிட்ட மறைச்சுட்டேன். அன்னிக்கு யாரோ கூப்பிட்டாங்கன்னேனே, எனக்கு ஒண்ணும் கேக்கல. பொய் சொன்னேன். புள்ள அத்தைகூடயே போகட்டும்."

ஏன் மறைத்தீர்கள் என்று மகள் கேட்கவில்லை. கேட்க நினைத்தது முகத்தில் கோபமாகவும் அழுகையாகவும் வந்தது. சம்பந்தியம்மா வந்து குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். காது என்ன பெரிய விஷயம், இந்தக் காலத்தில் அதற்கு எத்தனையோ வைத்தியம் இருக்கிறதே என்று நல்ல மனதோடு ஆறுதல் சொன்னார். காதுக்காரர் கையெடுத்துக் கும்பிடாத குறையாக, குழந்தையை முன்னால் கொண்டுபோய் உட்காரச் சொன்னார். தான் கடைசியாக ஏறிக்கொள்வதாகச் சொன்னார்.

படகு வந்து நின்றது. இன்ஜினை அணைத்துவிட்டார்கள். ஏறும் அவசரத்தில் இருந்தவர்கள் ஏறி முடித்தார்கள். துறையில் காற்றும் இல்லை, அலையும் இல்லை. சம்பந்தியம்மாவின் தோளில் கிடந்த குழந்தை இப்போது தலையை எங்கும் திருப்பவில்லை. துறையில் தனியாக நின்ற தாத்தாவையே, கொஞ்சம் அவருக்கு இடது பக்கமாக, பார்த்துக்கொண்டிருந்தது.

"மாமா, ஏறுங்க" என்று படகிலிருந்து மாப்பிள்ளை கூப்பிட்டார்.

காதுக்காரர் அசையவில்லை. பிறகு மெல்லக் கையைத் தூக்கி, இரண்டு வருடமாக ஒரு சத்தமும் நுழையாத அந்த இடது காதை, உள்ளங்கையால் இறுகப் பொத்திக்கொண்டார்.