பன்னிரண்டு பேர் உட்கார்ந்தால் நிற்கும் ஜீப்

கம்பத்தில் கார், ஜீப்புகளுக்கு எலக்ட்ரிக் வேலை பார்க்கும் ரியாசுதீன் கை வைத்தால் அந்த வண்டி அதே கோளாறோடு திரும்பி வராது என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அவருக்கும் அதில் கொஞ்சம் மிதப்பு உண்டு. அந்த மானத்தைத்தான் டிரைவர் வீரபாண்டியின் ஜீப் ஒரே மாதத்தில் கப்பலேற்றியது.

காலையில் பன்னிரண்டு பெண்களை ஏலத்தோட்ட வேலைக்கு ஏற்றிக்கொண்டு கம்பமெட்டு மலைப்பாதையில் ஏறும் ஜீப் அது. வளைவில் திடீரென்று செத்துப்போகும். பெண்கள் இறங்கிச் சக்கரத்துக்குக் கல் முட்டுக்கொடுத்ததும், ஒன்றுமே நடக்காதது போலக் கிளம்பும். மூன்று முறை பட்டறைக்கு வந்தது. ஸ்கேனர் மாட்டினார், ரிலேயை மாற்றினார், பேட்டரி முனையைச் சுரண்டினார். இங்கே மட்டும் அது பெட்டிப்பாம்பாக அடங்கி நின்றது. மூன்று முறையும் "ஒண்ணுமில்ல, போப்பா" என்று அனுப்பிவைத்தார். கைராசிக்காரர் என்ற நினைப்பு இருக்கிறதே, அது மனிதனைக் கேள்வி கேட்க விடாது.

நான்காம் முறை, ஒரு சாயங்காலம், வீரபாண்டி அழாத குறையாக வந்து நின்றான்.

"பாய், இன்னொரு நாள் லேட்டானா வேற ஜீப்பு வச்சுக்கிடுவோம்னு தோட்டத்துல சொல்லிட்டாக. அந்த ஜீப்புல ஏறி வர வேற ஆளுகளே இருக்காக. என் பொழப்பு மட்டுமில்ல, பன்னெண்டு பொம்பளைகளுக்கும் வேலை போயிரும்."

ரியாசுதீன் அன்றுதான் கேட்டார். "அவுகள எங்கன விட்டுட்டு வர்ற?"

"அலுத்துக் களைச்சு வர்றாக பாய். ஒவ்வொருத்தரையா வீட்டு வாசல்ல எறக்கிட்டுத்தான் இங்கன வருவேன்."

"நல்ல மனுசன்யா நீ! மூணு தடவையும் காலி வண்டியத்தான் பாத்திருக்கேன். போய் அத்தனை பேரையும் கூட்டிட்டு வா."

அரை மணி நேரத்தில் பன்னிரண்டு பேரும் வந்துவிட்டார்கள். பாதிப் பேர் அடுப்பை அணைத்துவிட்டு வந்திருந்தார்கள். ஒருத்திகூட முகம் சுளிக்கவில்லை. என்ஜினை ஓடவிட்டு அவர்களை நெருக்கியடித்து உட்காரவைத்தார். "வளைவுல சாயுற மாதிரி சாயுங்க" என்றார். தெருவே வேடிக்கை பார்க்க, சிரித்துக்கொண்டே சாய்ந்தார்கள். வலப்பக்கம் சாய்ந்ததும் என்ஜின் பொட்டென்று நின்றது. வண்டி நின்றதற்கு யாரும் இப்படிக் கைதட்டி அவர் பார்த்ததில்லை.

பின்சீட்டின் இரும்புக் கால், அடியில் ஓடிய டீசல் பம்பு வயரை நசுக்கியிருந்தது. மேலுறை முழுசாக இருந்தது, உள்ளே கம்பி அறுந்திருந்தது. பாரம் அந்தப் பக்கம் சாய்ந்தால் பிரியும், இறங்கினால் ஒட்டிக்கொள்ளும். புது வயர் இழுத்து, சீட்டுக்கு எட்டாமல் ஒதுக்கிக் கட்டினார். பெண்களில் மூத்தவரான சோணையம்மாளிடம், "மூணு தடவை ஒண்ணுமில்லன்னு சொன்னேன், மன்னிச்சுக்கங்க ஆத்தா" என்றார்.

"அதான் கண்டுபிடிச்சிட்டீகல்ல, விடுங்க தம்பி."

மறுநாள் காலை ஏழு மணிக்கு வீரபாண்டியின் நம்பரிலிருந்து போன். மலையில் நின்றுவிட்டதோ என்று ரியாசுதீன் கருவிப் பையை ஒரு கையில் தூக்கிக்கொண்டார். போனை எடுத்தால், சோணையம்மாள் குரல்.

"மேல வந்து சேந்துட்டோம் தம்பி. இன்னைக்கு வழியில ஒருத்தியும் எறங்கல. ஒங்ககிட்ட சொல்லணும்னு தோணுச்சு. நல்லாயிருக்கணும் நீங்க."

இருபத்தாறு வருடத் தொழிலில், வண்டி நின்றுவிட்டது என்று வந்த போன்களுக்கு அளவேயில்லை. ஓடுகிறது என்று சொல்வதற்காக வந்த முதல் போன் அது. "நீங்கதான் ஆத்தா நல்லாயிருக்கணும்" என்றார்.