உப்பு அரித்த சேஸ்

நானும் மச்சானும் சேர்ந்து வாங்கிய லாரி, எங்களிடம் வருவதற்கு முன் பல வருஷம் மரக்காணத்து உப்பு ஏற்றிய வண்டி. மச்சான் என்றால் என் மனைவியின் தம்பி. எண்பதுகளின் நடுவில் ஒரு வெயில் நாளில் பாடியைக் கழற்றி இறக்கியபோதுதான் அடியில் வண்டியையே தாங்கும் இரும்புச் சட்டமான சேஸை முழுதாகப் பார்த்தோம். சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினேன். துரு அப்பளம் அப்பளமாக உதிர்ந்தது. இன்னொரு தட்டுத் தட்ட எனக்குத் தைரியம் வரவில்லை.

எப்படி வரும்? இரண்டு பேரும் விழுப்புரத்தில் ஒரே முதலாளியிடம் டிரைவர்களாக இருந்தவர்கள். இனிமேல் சொந்த வண்டிதான் என்று அவரிடம் நிமிர்ந்து நின்று சொல்லிவிட்டு வந்திருந்தேன். கொஞ்சம் அதிகமாகவே நிமிர்ந்துவிட்டேன். அவருடைய வண்டிகளைப் பற்றியும் நாலு வார்த்தை சொல்லியிருந்தேன். வண்டி ஓட்டத் தகுதியானது என்று எஃப்.சி. கிடைக்காவிட்டால் அதே ஆளிடம் போய்த் தலையைச் சொறிந்துகொண்டு நிற்க வேண்டும். அதற்குப் பதில் காணை ஊர்ப் பக்கம் கரும்பு வெட்டப் போகலாம்.

திண்டிவனத்தில் ஒரு பட்டறையில் மூன்று வாரம் வேலை நடந்தது. நான் துருவைச் சுரண்டுவேன், மச்சான் வயர் பிரஷ் போட்டுத் தேய்ப்பான், அவன் தேய்த்தது சரியில்லை என்று நான் மறுபடி தேய்ப்பேன். தும்மினால் செம்மண் வந்தது. ஓட்டை விழுந்த இடங்களில் வெல்டிங்காரர் தகடு வைத்துப் பற்றவைத்தார். அதன்மேல் ரெட் ஆக்சைடு இரண்டு கை, அதற்கும் மேல் கறுப்பு பெயிண்ட் இரண்டு கை. பிறகு பாடியைத் திரும்ப ஏற்றினோம். பெருமை தாங்காமல் மனைவியை அழைத்துவந்து காட்டினேன். அவள் குனிந்து நிதானமாகப் பார்த்தாள்.

"வூட்டு ஜன்னலுக்கு ஒரு கை அடிங்கன்னு ரெண்டு வருஷமா சொல்லிக்கினு இருக்கேன்," என்றாள்.

எஃப்.சி.க்கு முந்தின நாள் மச்சான் டீக்கடையில் எதையோ கேட்டுவிட்டு வந்தான். புது பெயிண்டைக் கண்டால் எஃப்.சி. கொடுக்கிற பிரேக் இன்ஸ்பெக்டருக்குச் சந்தேகம் வருமாம். ஓட்டையை மறைக்கத்தான் அடித்திருக்கிறார்கள் என்று நினைப்பாராம். ட்ரையல் பார்த்து வருகிறேன் என்று வண்டியை எடுத்துக்கொண்டு போனவன் சாயங்காலம் கொண்டுவந்து நிறுத்தினான். சேஸ் முழுக்கச் சேறு.

"இப்பப் பாருங்க மாமா. பத்து வருஷமா ஓடிக்கினு இருக்கிற வண்டி மாதிரி இல்ல?"

"எங்கடா போன?"

"மரக்காணம். உப்பளத்து ஓரமா நாலு தடவ வுட்டு எடுத்தேன்."

எந்த உப்பை மூன்று வாரம் சுரண்டினோமோ அதே உப்பைத் தடவி எடுத்துக்கொண்டு வந்திருந்தான். நான் திட்டியதை இங்கே எழுத முடியாது. பட்டறை நாய் எழுந்துபோய் வேறு இடத்தில் படுத்துக்கொண்டது. சேறு அதற்குள் காய்ந்து பிடித்துவிட்டதால், காலையில் அப்படியே விழுப்புரத்துக்கு ஓட்டிக்கொண்டு போனோம்.

பிரேக் இன்ஸ்பெக்டர் மடிப்புக் கலையாத வெள்ளைப் பேண்ட் போட்டிருந்தார். விளக்கு, ஹாரன், பிரேக் எல்லாம் பார்த்தார். பிறகு தள்ளி நின்று சேற்றைப் பார்த்தார், தன் பேண்ட்டைப் பார்த்தார், கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தார்.

அங்கே நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்க வேண்டும். ஆனால் மூன்று வார உழைப்பை ஒரு மனிதர் பார்க்காமலே போவதா என்று எனக்குப் பொங்கிக்கொண்டு வந்தது.

"சார், அடியில ஒரு தடவ குனிஞ்சு பாருங்க சார்."

பேனா நின்றது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவரை யாரும் அப்படிக் கேட்டிருக்க மாட்டார்கள். மச்சான் பின்னாலிருந்து என் சட்டையை இழுத்தான். நான் தோளில் கிடந்த துண்டால் சேற்றைத் துடைத்துக் காட்டி, "எங்க தட்டுனாலும் மணி மாதிரி கேக்கும் சார்," என்றேன்.

அவர் சாக்கை விரிக்கச் சொல்லி, சின்னச் சுத்தியலோடு வண்டிக்கு அடியில் நுழைந்தார். டிங், டிங் என்று வந்துகொண்டே இருந்தது. நான் மச்சானைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினேன். பின் சக்கரத்துப் பக்கம் போனதும் 'தொப்' என்றது.

அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. வெல்டிங்காரர் அமாவாசைக்கு மேல்மலையனூர் போயிருந்த நாளில், கடைசி ஓட்டையில் நானே பட்டிப் பசையை அடைத்துத் தேய்த்துப் பெயிண்டும் அடித்துவிட்டேன். அவர் வந்ததும் எடுத்துவிட்டுத் தகடு வைக்கலாம் என்று எண்ணம். வேண்டாம் மாமா என்று மச்சான் அன்றைக்கே சொன்னான். பிறகு பெயிண்டின் பளபளப்பில் சுத்தமாக மறந்துபோனேன்.

இன்ஸ்பெக்டர் வெளியே வந்தார். பேண்ட் இப்போது வெள்ளையாக இல்லை. உள்ளங்கையில் பட்டித் துண்டு இருந்தது.

"லோடோட போயிருந்தா அங்கதான்யா ஒடிஞ்சிருக்கும். யாரு பார்த்த வேலை இது?"

நான் வாயைத் திறப்பதற்குள் மச்சான் முந்திக்கொண்டான். "நான்தான் சார். மாமாவுக்குத் தெரியாது."

அவர் அவனைக் கால் மணி நேரம் காய்ச்சினார். கூடவே ஒரு மனுஷன் இவ்வளவு நேர்மையாக இருக்கிறாரே, அவரைப் பார்த்தாவது திருந்தக்கூடாதா என்று என்னைக் கைகாட்டினார். மச்சான் தலையைக் குனிந்துகொண்டு சரி சார், சரி சார் என்றான். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் எங்கே வண்டியை அடியோடு தள்ளிவிடுவாரோ என்ற பயத்தில் உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை.

தகடு வைத்துப் பற்றவைத்து, சேற்றையெல்லாம் கழுவி அடுத்த வாரம் போனபோது எஃப்.சி. கிடைத்தது. இன்ஸ்பெக்டர் எனக்குக் கைகொடுத்தார். மச்சானுக்குக் கொடுக்கவில்லை. அந்தப் பட்டி என் வேலை என்று அன்றைக்கும் நான் சொல்லவில்லை.