என் கம்ப்யூட்டரில் மட்டும் திறந்த லிங்க்

தொண்ணூறுகளின் கடைசியில், பீளமேட்டில் ஒரு பம்ப் கம்பெனி அலுவலகத்தில் வேலை பார்த்தேன். புதிய ஸ்டார்ட்டரைப் பற்றி வாடிக்கையாளர்களுக்கு விளம்பர ஈமெயில் அனுப்பும் பொறுப்பு எனக்கு. 'பழைய மோட்டார்களுக்கு இதைப் பொருத்தக் கூடாது' என்று மெயிலிலேயே எழுதினால் வாங்க யோசிப்பார்களே என்று, அதைத் தனிப் பக்கமாகத் தயாரித்து லிங்க் மட்டும் கொடுத்தேன். பலமுறை அழுத்திப் பார்த்தேன், ஒழுங்காகத் திறந்தது.

ஒரு மாதம் கழித்து, ஸ்டார்ட்டர் வாங்கிய வால்பாறை எஸ்டேட் மேனேஜர் போன் செய்தார்.

"ஏனுங்க அம்மணி, சுவிட்சைப் போட்டதுமே எங்க பழைய மோட்டார் தீப்புடிச்சிருச்சுங்க. பக்கத்துல நின்ன ஆளு மயிரிழையில தப்பிச்சானுங்க."

"லிங்க்கைப் பாக்கலீங்களா?" என்றேன் வெடுக்கென்று.

"அமுக்குனனுங்க, ஒண்ணுமே வரலீங்க. முக்கியமான விசயம்னா மெயில்லயே எழுதியிருப்பீங்கன்னு உட்டுப்போட்டனுங்க."

அனுப்பிய மெயிலைத் திறந்து லிங்க்கின் முகவரியைப் பார்த்தேன். அந்தப் பக்கத்தை நான் இணையத்தில் ஏற்றவே இல்லை. என் கம்ப்யூட்டரில் இருந்த ஃபைலுக்கே லிங்க் கொடுத்திருந்தேன். அதனால் எனக்கு மட்டும் திறந்திருக்கிறது.

அன்றே வாங்கியவர்கள் எல்லோருக்கும் போன் செய்து எச்சரித்தேன். இப்போதெல்லாம் எந்த மெயிலையும் முதலில் வேறொருவருக்கு அனுப்பி, அவர் கம்ப்யூட்டரில் லிங்க்கை அழுத்திப் பார்க்கச் சொல்கிறேன். ஆபத்தைப் பற்றிய வரி மட்டும் லிங்க்குக்குள் போவதே இல்லை. மெயிலில் அதைத்தான் முதலில் எழுதுகிறேன்.