உயிருள்ள இறாலுக்கு ஐஸ் தண்ணீர்

கோணிக்கும் உமிக்கும் அடியில் ஐஸ் பாளம் உருகிச் சொட்டும்போது எழுகிற, ஈரச் சணலும் மீனும் கலந்த அந்தக் குளிர்ந்த வாடைதான் எனக்கு ராயபுரத்துக் கோடைக்காலம். என் தகப்பனாரை நாங்கள் "நைனா" என்போம். மீன் இறங்கும் கரைக்குக் கைவண்டியில் ஐஸ் இழுப்பவர்.

எங்கள் தெருவில் இறால் என்பது கூடையில் வருவது, உரிக்கப்படுவது, விற்றது போக மிஞ்சினால் குழம்பாவது; அதை உயிரோடு வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கும் பழக்கம் யாருக்கும் கிடையாது. நானோ தண்டவாளத்தோர மழைக்குட்டையில், தின்ற பாசிகூட வெளியே தெரிகிற கண்ணாடி உடம்பு இறால்களைத் துண்டால் அரித்தெடுத்து, டீக்கடையில் கழித்த பிஸ்கட் பாட்டிலில் மணலும் பாசியும் போட்டு ஜன்னலில் வைத்தேன்.

"துன்றதுக்கும் ஆவாது, விக்கறதுக்கும் ஆவாது, இன்னாத்துக்குடா இது?" என்றாள் அம்மா. "சீமான் வூட்டுப் புள்ள, கண்ணாடியில வளக்கறாரு!" என்று பக்கத்து வீட்டு மேரியக்கா குழாயடி முழுக்கச் சொல்லிச் சிரித்தாள். வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான்; என் கிறுக்குக்கெல்லாம் படிப்புதான் காரணம் என்று தெருவே முடிவுகட்டியிருந்தது.

அந்தக் கோடையில் குட்டை வற்றியது, தெருக்குழாயில் காற்றுதான் வந்தது. எங்கள் கிணறு உப்பு. அதை ஊற்றி ஏற்கெனவே ஓர் இறாலைப் பறிகொடுத்திருந்தேன். பாட்டில் தண்ணீர் வற்றிக் கலங்க, அதற்குள் ஒரு தாய் இறால் வயிற்றுக்கடியில் முட்டைகளைச் சுமந்து, அவற்றை ஓயாமல் கால்களால் விசிறிக்கொண்டிருந்தது. "குடிக்கவே நல்ல தண்ணி இல்ல. எறாக்கு ஒரு சொட்டு ஊத்தினே, பாட்டிலோட சாக்கடையில கடாசிடுவேன்" என்றாள் அம்மா. சொன்னால் செய்வாள். அவள் பக்கம் நியாயம் இருந்தது. ஆனாலும் நான் விடுவதாக இல்லை.

மறுநாள் நைனாவின் வண்டிக்கடியில் ஒரு தகர டப்பாவைக் கட்டித் தொங்கவிட்டுக் கரைவரை கூடவே ஓடினேன். ஐஸ் உருகிச் சொட்டிய உப்பில்லாத தண்ணீரை அம்மாவின் கிழிந்த புடவைத் துணியில் உமி போக வடிகட்டி, சில்லிப்பு அடங்கும்வரை நிழலில் வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினேன். வண்டி இழுப்பவர்களுக்கு அது வேடிக்கை. "செத்த எறாக்குத்தான் ஐஸு வைப்பாங்க மாமு, உன் புள்ள உசுரோட கீறதுக்கு வைக்கறானே!" என்று ஒருவர் கத்தினார். "ரோட்ல ஒழுவிப் பூடற தண்ணிதான? அத்தப் புடிச்சா உனுக்கு இன்னா பேஜாரு?" என்றார் நைனா.

முட்டை பொரிந்து, மயிரிழைக் குஞ்சுகள் பாசியைப் பற்றிக்கொண்டு நின்றன. மேரியக்கா மூக்கைக் கண்ணாடியில் அழுத்தி, "டேய், கண்ணு மட்டுந்தான்டா கீது!" என்றாள். அன்று அவள் சிரிக்கவில்லை.

இன்று அந்தக் குட்டை இல்லை. மண் கொட்டி மேடாக்கிக் கிடங்குச் சுவர் எழுப்பிவிட்டார்கள். கைவண்டி போய் லாரி வந்துவிட்டது. குழாயடி வரிசை மட்டும் அப்படியே நிற்கிறது. என் மேசைமேல் நீந்துபவை அந்தத் தாய் இறாலின் வழிவந்தவை. "இதனால என்ன பிரயோஜனம்?" என்று பார்க்கிறவர்கள் கேட்கிறார்கள். ஒரு பிரயோஜனமும் இல்லை. எங்கள் தெருவில் எல்லாமே யாருடைய பிரயோஜனத்துக்காகவோதான் இருந்தன, எங்களையும் சேர்த்து. இவற்றை மட்டும் நான் யாருடைய பிரயோஜனத்துக்கும் கொடுக்கவில்லை, கொடுக்கப்போவதுமில்லை.